ரின்னா, போத்தலா? காருக்கு மெழுகு பூசுறது

இந்த மாதம் கார் மெழுகு பற்றி. எங்கட ஆக்கள் "வக்ஸ் அடிக்கிறது" என்று சொல்லும் வேலை. மார்ச் முடிந்து வெயில் எட்டிப் பார்த்ததும் இரண்டு கேள்விகள் வரும். ஒன்று, "ரின்னில வாற பேஸ்ற் நல்லதா, போத்தலில வாற லிக்குயிட் நல்லதா?" மற்றது, "அப்பா ரீ-கட் போத்தலோட டிரைவ்வேயில நிக்கிறார், எப்பிடி மறிக்கிறது?"

முதல் கேள்விக்கு விடை சுருக்கமானது. இரண்டாவதுதான் முக்கியமானது. பிழையான மெழுகைப் பூசினால் ஒரு மணித்தியாலம்தான் வீண். பிழையான பொலிஷைப் போட்டுத் தேய்த்தால், போனது திரும்பி வராது.

கார் ஏன் வெளியில நிக்குது?

ரெய்னர்ஸ் லேனில் நாங்கள் இருக்கும் வீடுகளில் பெரும்பாலானவை 1930களில் கட்டப்பட்டவை. மெற்றோபொலிற்றன் லைனை நம்பி நாஷ் போன்ற கட்டடக்காரர்கள் வரிசை வரிசையாகக் கட்டி விற்ற செமி வீடுகள். கராஜ் இருந்தால், அது அந்தக் காலத்துக் காருக்கு அளந்து கட்டின கராஜ். அந்த நாளில் பேர் போன ஒஸ்ரின் 7 காரின் அகலம் 1.2 மீற்றர்கூட இல்லை. இன்றைய கோல்ஃப் 1.8 மீற்றருக்குக் கிட்ட. கதவைத் திறந்து இறங்க இடம் வேண்டாமா? அதனால் கராஜுக்குள் அரிசி மூட்டையும், பிள்ளைகளின் பழைய தொட்டிலும், "ஊருக்கு அனுப்புவம்" என்று கட்டி வைத்த பெட்டிகளும் இருக்கும். கார் வருசம் முழுக்க வெளியில்தான்.

வெளியில் நிற்கிற காருக்கு மேலே என்னென்ன விழுகிறது என்று பாருங்கோ. குளிர்காலத்தில் கவுன்சில் ரோட்டில் கொட்டுகிற உப்பு. கோடையில் தெருவோர லைம் மரங்களிலிருந்து வடிகிற பிசுபிசுப்பு. அது மரத்தின் பால் இல்லை, இலையில் இருக்கிற சின்னப் பூச்சிகள் வெளியேற்றுகிற இனிப்பு நீர். புறாக்களின் எச்சம். சில வருசங்களில் சகாரா மண்கூட மழையோடு வந்து காரை மஞ்சளாக்கும். ரயில் பாதைக்குக் கிட்ட வீடு என்றால், சில்லும் தண்டவாளமும் உரசி வருகிற நுண்ணிய இரும்புத் தூளும் சேரும். கழுவின பிறகும் வெள்ளைக் காரில் மண்ணிறப் புள்ளிகள் தெரிந்தால், பெரும்பாலும் அதுதான்.

கடைசியாக, நாங்கள் கழுவுகிற தண்ணீரே. லண்டன் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர். கேத்திலுக்குள் படிகிற அதே வெள்ளைப் படைதான் பொனற்றில் காய்ந்த துளியிலும் வட்டமாக நிற்கும்.

இவ்வளவையும் தாங்குகிற பெயின்ற் எவ்வளவு தடிப்பு? உலோகத்துக்கு மேலே இருக்கிற எல்லாப் படையையும் சேர்த்தால், சாதாரணமாக 100 முதல் 150 மைக்ரோன். ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அடியில் துருவைத் தடுக்கிற பூச்சு, அதற்கு மேல் பிரைமர், பிறகு நிறம், ஆக மேலே நிறமே இல்லாத கிளியர் கோட். கிளியர் கோட் மட்டும் 40, 50 மைக்ரோன் அளவில் இருக்கும். பலருடைய தலைமயிர் இதைவிடத் தடிப்பு. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கிற சேர்மானம் இந்தப் படைக்குள்தான் இருக்கு. காரின் மினுக்கமும் இந்தப் படையின் மினுக்கம்தான்.

மெழுகு என்ன செய்கிறது? கிளியர் கோட்டுக்கு மேலே ஒரு மைக்ரோன்கூட வராத மெல்லிய படையாக நிற்கிறது. எச்சமும் பிசுபிசுப்பும் உப்பும் முதலில் அதில்தான் படும். அது தேய்ந்து கரைந்து போகும், நாங்கள் திரும்பப் பூசுவோம். மெழுகு போவதற்காகவே பூசப்படுகிறது. கிளியர் கோட் போகக் கூடாது என்பதற்காகப் பூசப்படுகிறது. மினுக்கம் கூட வருகிற நன்மை.

இதை விளங்கினால் மற்றதெல்லாம் லேசு.

அப்பாவும் ரீ-கட்டும்

எங்கட அப்பாமார் இங்கே வந்து வாங்கின முதல் கார்களை நினைத்துப் பாருங்கோ. சிவப்பு ஃபியெஸ்ரா, டற்சன், நிஸான் சனி. எத்தனையோ கை மாறி வந்தவை. அந்தக் காலத்து வெறும் நிறப் பெயின்ற்றுகள் பலவற்றில் கிளியர் கோட் கிடையாது. நிறமே மேல் படை. வெயிலும் மழையும் பட்டு மேற்பரப்பு ஒட்சியேற்றம் அடையும். சிவப்பு ரோசாவாகும், சுண்ணாம்பு பூசின மாதிரி வெளிறும். ரீ-கட் போட்டுத் தேய்த்தால் அந்தச் செத்த மேற்பரப்பு வழித்துக்கொண்டு வரும். துணி சிவக்கும், கார் புதுசாகும். அந்தக் காருக்கு அது சரியான வைத்தியம். அப்பாமார் பிழையாக ஒன்றும் பழகவில்லை.

ஆனால் இப்போது டிரைவ்வேயில் நிற்கிற கார் வேறு. ரீ-கட் என்பது மெழுகு இல்லை, அராவுகிற திரவம். மிக மெல்லிய உப்புத்தாள் போத்தலில் வந்த மாதிரி. இன்றைய காரில் அதைத் தேய்த்தால் அராவுவது கிளியர் கோட்டை. நிறமில்லாத படை என்பதால் துணியில் நிறம் வராது, எதுவும் போகாத மாதிரித்தான் தெரியும். கையால் ஒருமுறை தேய்த்தால் உடனே ஓட்டை விழுந்துவிடாது என்பதும் உண்மை. ஆனால் ஒவ்வொரு வருசமும், அதே கதவு விளிம்பில், அதே பொனற் மடிப்பில் தேய்த்துக்கொண்டு வந்தால் ஒரு நாள் கணக்குத் தீரும். விளிம்புகளில் பெயின்ற் இயல்பாகவே மெல்லியது. கிளியர் கோட் விட்ட இடம் முதலில் மங்கும், பிறகு வெயிலில் எரிந்த தோல் மாதிரி உரியும். அதற்கு மெழுகும் இல்லை, பொலிஷும் இல்லை. திரும்பப் பெயின்ற் அடிக்கிறதுதான் வழி.

உங்கட கார் எந்த வகை என்று சந்தேகமா? கண்ணில் படாத ஓர் இடத்தில், வெள்ளைத் துணியில் துளி பொலிஷ் எடுத்து மெதுவாகத் தேய்த்துப் பாருங்கோ. காரின் நிறம் துணியில் வந்தால் பழைய வகை. வராவிட்டால் கிளியர் கோட். கீறல் ஒன்று இருந்தால் நகத்தைக் குறுக்காக ஓட்டிப் பாருங்கோ. நகம் மாட்டினால் அது ஆழமான கீறல், எவ்வளவு தேய்த்தாலும் போகாது. அதைத் தேய்த்துப் போக்க வெளிக்கிட்டால் கீறல் நிற்கும், சுற்றி இருக்கிற பெயின்ற்தான் போகும்.

இதில் இன்னொரு காசுக் கணக்கும் இருக்கு. 2023 ஓகஸ்ட் 29 முதல் யூலெஸ் ஹாரோவுக்கும் வந்தது. தகுதியில்லாத கார் ஓடினால் நாளுக்கு 12.50 பவுண்ஸ். ஆனால் யூரோ 4 தரத்துப் பெற்றோல் கார், அதாவது பொதுவாக 2006 முதல் வந்தது, தப்பிவிடும். டீசல் என்றால் யூரோ 6, 2015 அளவில் இருந்து வந்தவைதான். அதனால் ஒரு விசித்திரம் நடந்திருக்கு. அப்பா வைத்திருக்கிற 15 வயதுக்கு மேற்பட்ட பெற்றோல் கொறோலாவும் யாரிஸும் யூலெஸுக்கு நல்ல கார்கள். எஞ்சின் இன்னும் பல வருசம் போகும். அந்தக் காரில் கிளியர் கோட்தான் முதலில் தோற்கிற உறுப்பு. காப்பாற்ற வேண்டிய படை அதுதான்.

கார் புதுசு, பிசிபியில் எடுத்தது என்றாலும் இதே கதைதான். மூன்று, நாலு வருசத்தில் திருப்பிக் கொடுக்கும்போது ஒருவர் வந்து விளக்கைப் பிடித்துச் சுற்றிப் பார்ப்பார். எச்சம் அரித்த அடையாளம் உங்கட கணக்கில் விழலாம்.

பனைக்குச் சொந்தக்கார மரம்

மெழுகு வாங்கப் போனால் ரின்னில் "கார்னௌபா" என்று பெரிதாகப் போட்டிருக்கும். இது பிரேசில் நாட்டின் வடகிழக்கில், செயாரா, பியாவுயி போன்ற வறண்ட மாநிலங்களில் வளர்கிற ஒரு மரம். எங்கட பனை மாதிரியே விசிறி ஓலை. பனைக் குடும்பத்து மரம்தான். மழை குறைந்த மண்ணில் ஓலைக்குள் இருக்கிற நீர் ஆவியாகிப் போகாமல் இருக்க, மரம் தன் ஓலைக்கு மேல் தானே மெழுகு பூசிக்கொள்கிறது. வறண்ட காலத்தில் ஓலையை வெட்டி, வெயிலில் காயப்போட்டு, அடித்து உதறினால் மெழுகு தூளாகக் கொட்டும். அதை உருக்கி வடித்து எடுக்கிறார்கள். மிச்ச ஓலையில் கூரை வேய்கிறார்கள், கூடையும் தொப்பியும் பின்னுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் அம்மம்மா வீட்டுப் பனையைப் பற்றிக் கதைக்கிற மாதிரி இல்லையா? செயாரா மாநிலத்தின் சின்னத்திலேயே அந்த மரம் இருக்கு.

பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு செய்தி: அவர்கள் சாப்பிடுகிற பளபளப்பான இனிப்புப் பைகளின் பின்பக்கத்தை வாசிக்கச் சொல்லுங்கோ. பலவற்றில் ஈ903 என்றோ கார்னௌபா என்றோ இருக்கும். அதே மெழுகு. ஒன்றோடொன்று ஒட்டாமலும் மினுங்கவும் சேர்க்கிறார்கள். இனிப்பில் இருப்பது தின்னக்கூடியபடி சுத்தம் செய்தது. கார் ரின்னில் இருப்பதில் கரைப்பான் கலந்திருக்கு, அது வாயில் படக் கூடாது. இந்த வித்தியாசத்தையும் கூடவே சொல்லிவிடுங்கோ.

கார்னௌபா உருக 82 முதல் 86 பாகை செல்சியஸ் வேணும். தேன்மெழுகு 62, 64 அளவிலேயே உருகிவிடும். வெயிலில் கொதிக்கிற பொனற்றிலும் கார்னௌபா நிற்பது இதனால்தான். ஆனால் தனியாக எடுத்தால் அது கல்லு மாதிரி இறுக்கம், பூச முடியாது. ஆகவே எல்லா ரின்னிலும் எண்ணெயும் கரைப்பானும் மற்ற மெழுகும் சேர்த்துத்தான் வரும். "100% கார்னௌபா" என்று எழுதியிருந்தால், உள்ளே இருக்கிற மெழுகு கார்னௌபா என்று அர்த்தம். ரின் முழுக்கக் கார்னௌபா என்று அர்த்தமில்லை. அந்த எழுத்துக்காக மூன்று மடங்கு விலை கொடுக்க வேண்டாம்.

ரின்னா, போத்தலா?

இப்போது முதல் கேள்வி. பேஸ்ற்றுக்கும் லிக்குயிட்டுக்கும் அடிப்படை வித்தியாசம் கரைப்பான் எவ்வளவு என்பதுதான். பேஸ்ற்றில் மெழுகு கூட, கரைப்பான் குறைவு. லிக்குயிட்டில் கரைப்பான் கூட. பூசினதும் கரைப்பான் ஆவியாகிப் போய்விடும், காரில் மிஞ்சுவது மெழுகு. சரியாகப் பூசினால் இரண்டும் ஏறக்குறைய அதே மெல்லிய படைதான். "பேஸ்ற் தடிப்பு, அதனால கனகாலம் நிக்கும்" என்பது கதை. துணியால் துடைத்த பிறகு தடிப்பாக நிற்க அங்கே இடமே இல்லை. எவ்வளவு காலம் நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது உள்ளே இருக்கிற சேர்மானம். கார்னௌபா மட்டும் என்றால் சில வாரங்கள், கூடினால் இரண்டு மாதம். செயற்கைப் பொலிமர் சேர்ந்தவை பல மாதம் நிற்கும்.

கொலினைட் என்ற அமெரிக்கக் கம்பனியையே பாருங்கோ. அவர்களுடைய 476எஸ் ரின்னில் வருகிற பேஸ்ற். 845 போத்தலில் வருகிற லிக்குயிட். இரண்டுக்கும் நீண்ட நாள் நிற்கிற மெழுகு என்று நல்ல பேர். ரின்னில் வந்ததா போத்தலில் வந்ததா என்பது தரத்தைச் சொல்லாது. (845 குளிரில் போத்தலுக்குள் கட்டியாகும். பழுதாகிப் போச்சு என்று எறியாமல், சுடுதண்ணி வாளிக்குள் கொஞ்ச நேரம் வைத்துக் குலுக்கினால் இளகும்.)

அப்படியென்றால் எதை வாங்கிறது? இப்படி யோசியுங்கோ.

வருசத்தில் இரண்டு தரம், ஒரு முழுப் பின்னேரம் கிடைக்குமா? பேஸ்ற். ஒரு ரின் பல வருசம் வரும், சிந்தாது, காற்றடித்தாலும் பிரச்சினையில்லை. எவ்வளவு எடுக்கிறோம் என்பது கையில் தெரியும். ஆனால் கூரை, பொனற், நாலு கதவு என்று முழுக் காரையும் பூசித் துடைத்து முடிக்கக் கை நோகும்.

நீச்சல் வகுப்புக்கும் தமிழ்ப் பள்ளிக்கும் நடுவில் முக்கால் மணித்தியாலம்தான் இருக்கா? லிக்குயிட். கெதியாகப் பரவும், துடைப்பது லேசு, பெரிய காருக்கும் வசதி. ஆனால் கையை மீறிக் கூடக் கொட்டிவிடும். கதவு இடுக்கிலும் பிளாஸ்ரிக் ஓரத்திலும் வழிந்து வெள்ளையாகக் காயும்.

அதுவும் முடியாதா? கழுவித் துடைக்கும்போதே அடிக்கிற ஸ்பிறே மெழுகு இருக்கு. குறைந்த நாள்தான் நிற்கும், ஆனால் ஒன்றுமில்லாததைவிட நல்லது. செய்யாமல் கராஜில் காய்கிற நல்ல ரின்னைவிட, செய்து முடிக்கிற சுமாரான போத்தல் மேல்.

எதை வாங்கினாலும் ஒரு விசயத்தைக் கட்டாயம் பாருங்கோ. லேபிளில் "கிளீனர் வக்ஸ்" என்றோ "பொலிஷ்" என்றோ இருந்தால் உள்ளே அராவுகிற பொருள் இருக்கலாம். போத்தலில் வருபவற்றில் இது கூட. எங்கட வீடுகள் பலவற்றில் இருக்கிற ஓட்டோகிளிம் சுப்பர் ரெசின் பொலிஷ் பேரிலேயே பொலிஷ்தான், மெழுகு இல்லை. அது கெட்ட சாமான் என்று சொல்லவில்லை. மங்கின பெயின்ற்றை வருசத்துக்கு ஒருக்கால் சுத்தம் செய்து, அதற்கு மேல் மெழுகு பூசலாம். ஆனால் மாதா மாதம் மெழுகு என்று நினைத்து அதைத் தேய்ப்பது ரீ-கட் கதையின் மெதுவான பதிப்பு.

பூச முன்னம்

மெழுகு பூசுகிற வேலையில் முக்கால்வாசி கழுவுகிறதுதான். ஊத்தைக்கு மேல் மெழுகைப் பூசித் தேய்த்தால், மண்ணை வைத்துக் காரைத் தேய்த்த மாதிரி.

முதலில் ஹோஸால் தண்ணீர் அடித்து மண்ணை இளக்குங்கோ. இரண்டு வாளி வையுங்கோ. ஒன்றில் கார் ஷம்பூ, மற்றதில் வெறும் தண்ணீர். தேய்த்த கையுறையை முதலில் வெறும் தண்ணீரில் அலசி, பிறகுதான் ஷம்பூவுக்குள் விட வேணும். கூரையிலிருந்து தொடங்கிக் கீழே வாருங்கோ. சில்லுக்கு வேறு துணி. குசினிப் பாத்திரம் கழுவுகிற திரவம் வேண்டாம். கொழுப்பைக் கரைக்கப் பிறந்தது அது. இருக்கிற மெழுகையும் கரைத்துக் கொண்டுபோகும்.

கழுவிக் காய்ந்த பிறகு, மெல்லிய பிளாஸ்ரிக் பையைக் கைக்குள் போட்டுக்கொண்டு பொனற்றை விரலால் தடவிப் பாருங்கோ. வெறுங்கைக்குத் தெரியாத சொரசொரப்பு இப்படித் தெரியும். சொரசொரத்தால் அது ஒட்டிக்கொண்ட இரும்புத் தூளும் தாரும். இரும்பைக் கரைக்கிற ஸ்பிறே கடையில் இருக்கு, அடித்தால் இரும்பு உள்ள இடம் ஊதாவாக மாறி வழியும். மிச்சத்துக்குக் களிமண் கட்டி, "கிளே பார்" என்று விற்பது. சவர்க்காரத் தண்ணியில் வழுக்க வழுக்க மெதுவாக உருட்ட வேணும். கட்டி நிலத்தில் விழுந்தால் மண் ஒட்டும், பிறகு அதைப் பாவிக்கக் கூடாது. இந்த வேலை வருசத்துக்கு ஒருக்கால் போதும்.

கழுவின தண்ணி எங்கே போகிறது என்று யோசித்ததுண்டா? லண்டனின் இந்த வெளிப்பகுதிகளில் மழைநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் வேறு வேறு. ரோட்டோரத்துக் கம்பி வடிகாலுக்குள் போகிற தண்ணி சுத்திகரிப்புக்குப் போவதில்லை. நேராக ஓடைக்குப் போகிறது. எங்கட பக்கத்தில் அது யீடிங் புறூக். பிள்ளைகள் சின்ன ரயில் ஏறுகிற ரொக்ஸ்போர்ன் பூங்கா வழியாக ஓடுகிறதே, அதுதான். அது கிரேன் நதியாகி ஐல்வேர்த்தில் தேம்ஸில் விழுகிறது. ஆகவே ஷம்பூவை அளவாகப் பாவியுங்கோ. புல்லோ சரளைக் கல்லோ இருந்தால் அதன் மேல் நிறுத்திக் கழுவுங்கோ. வாளியில் மிஞ்சின ஊத்தைத் தண்ணியை ரோட்டில் ஊற்றாமல் வீட்டுக்குள் ரொயிலெற்றில் ஊற்றுங்கோ.

"இவ்வளவு பாடு ஏன், கார் வொஷுக்குக் கொண்டுபோனால் சரிதானே" என்று கேட்கலாம். போகலாம். ஆனால் மலிவான கைக்கழுவல் இடங்களில் ஒரே கையுறை எத்தனை காரின் மண்ணைச் சுமந்து வந்தது என்று தெரியாது. ஊத்தையைக் கெதியாகக் கரைக்க அடிக்கிற கடும் திரவம் நீங்கள் பூசின மெழுகையும் கரைக்கும். 2018 நவம்பரில் பாராளுமன்றத்தின் சுற்றுச்சூழல் தணிக்கைக் குழு இந்தக் கைக்கழுவல் இடங்களைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது. அதில் பேசப்பட்டவை இரண்டு விசயம்: வடிகாலுக்குள் போகிற கழிவுநீர், வேலை செய்கிற ஆக்கள் சுரண்டப்படுவது. அந்த விலை ஏன் அவ்வளவு குறைவு என்பதற்கு விடை அதில் கொஞ்சம் இருக்கு.

பூசுறது

நேர் வெயில் வேண்டாம். பொனற்றில் கை வைத்தால் குளிராக இருக்க வேணும். சூடான உலோகத்தில் கரைப்பான் உடனே பறந்து மெழுகு இறுகிவிடும், பிறகு துடைக்க உயிர் போகும். குளிர்காலத்து ஈரத்திலும் வேண்டாம், காயாது. ஏப்ரல், மே மாதத்து மேகமூட்டமான பின்னேரம் நல்லது. ஒக்ரோபரில் உப்புக் கொட்ட முன்னம் இன்னொரு தரம். லண்டனில் இந்த இரண்டும் தாராளமாகக் கிடைக்கும்.

கறுப்புப் பிளாஸ்ரிக் ஓரங்களுக்கு மாஸ்கிங் ரேப் ஒட்டிவிடுங்கோ. மெழுகு அதில் பட்டுக் காய்ந்தால் வெள்ளைக் கறை.

ஈரமான, மெல்லிய ஸ்பொஞ்சில் மெழுகைத் தொட்டு எடுங்கோ. தோசைக்கு எண்ணெய் தடவுகிற அளவுக்கும் குறைவு. லிக்குயிட் என்றால் ஒரு கதவுக்கு இரண்டு, மூன்று துளி. பூசின பிறகு படை தெரிந்தும் தெரியாமலும் இருக்க வேணும். வெள்ளையாகத் தெரிந்தால் கூடப் போட்டுவிட்டீர்கள். கூடப் பூசினால் கூடப் பாதுகாப்பு இல்லை. மிச்சமெல்லாம் துணியில்தான் போகும்.

ஒரு நேரத்தில் ஒன்று, இரண்டு பகுதி மட்டும். பொனற்றில் பாதி, பிறகு மற்றப் பாதி. சில நிமிடத்தில் மூடுபனி மாதிரி மங்கும். விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கோ. கோடு சுத்தமாகத் தெளிந்தால் துடைக்கலாம். இழுபட்டால் இன்னும் கொஞ்சம் பொறுங்கோ. சில லிக்குயிட் வகைகளைக் காய விடாமல் உடனே துடைக்க வேணும், போத்தலில் எழுதியிருக்கிறதைப் பின்பற்றுங்கோ. மைக்ரோஃபைபர் துணி இரண்டு வேணும். ஒன்றால் மெழுகை எடுக்கிறது, மற்றதால் மினுக்குகிறது. துணி நிலத்தில் விழுந்தால் அன்றைக்கு அதற்கு ஓய்வு. பழைய பனியன் துணி வேண்டாம், அதன் தையல் கீறும்.

முன் கண்ணாடியில் பூச வேண்டாம், வைப்பர் இழுக்கும்போது மழையில் மங்கலாகும். கமராவிலும் பார்க்கிங் சென்சரிலும் வேண்டாம். மாற்றுப் பூச்சுக் கார்களுக்கு, அதாவது மினுக்கமே இல்லாத "மற்" பெயின்ற்றுக்கு, வேண்டவே வேண்டாம். எங்கேயாவது இடித்துப் புதிதாகப் பெயின்ற் அடித்த பகுதி என்றால், அடித்தவரிடம் எத்தனை நாள் பொறுக்க வேணும் என்று கேளுங்கோ.

அடுத்த மழைக்குத் தண்ணி தாமரை இலைத் தண்ணி மாதிரி உருண்டு ஓடும். தாமரை இலையிலும் மெழுகுதான். பார்க்க வடிவாகத்தான் இருக்கும், ஆனால் ஹோஸ் தண்ணியை அப்படியே துளித் துளியாகக் காய விடக் கூடாது. எங்கட சுண்ணாம்புத் தண்ணியில் ஒவ்வொரு துளியும் ஒரு வெள்ளை வட்டம் விட்டுப் போகும். கழுவினால் துடைத்துக் காயவைக்க வேணும். துளி உருளாமல் தண்ணி தகடாகப் படிந்து நின்றால், மெழுகு போய்விட்டது, அடுத்த முறைக்கு நேரம் வந்துவிட்டது.

கோயிலுக்குக் கொண்டுபோக முன்னம்

புதுக் கார் வாங்கினால் சில்லுக்கடியில் தேசிக்காய் வைத்து, பொனற்றில் விபூதி, சந்தனம், குங்குமம் வைப்பது எங்கட வழமை. வைத்த பொட்டை உடனே அழிக்க யாருக்கும் மனம் வராது. ஒரு கிழமை வெயிலிலும் மழையிலும் நிற்கும். விபூதி சாம்பல். காய்ந்ததை வெறும் துணியால் துடைத்தால் கீறும். குங்குமமும் மஞ்சளும் வெள்ளைக் காரில் கறையாக நிற்கலாம்.

ஆகவே பூசைக்கு முதல் நாள் மெழுகு பூசிவிடுங்கோ. பொட்டு மெழுகின் மேல்தான் இருக்கும். அடுத்த நாள் நனைந்த துணியை அதற்கு மேல் இரண்டு நிமிடம் வைத்து, ஊறினதும் எடுத்தால் அடையாளமில்லாமல் வரும். தேய்க்கத் தேவையில்லை. அம்மா கேட்டால், சுவாமிக்கு முன்னால கார் வடிவா நிக்க வேணும் எண்டு பூசினனான் என்று சொல்லலாம். அதுவும் பொய்யில்லை.

பிள்ளைகள் என்ன செய்யலாம்? நாலு, ஐந்து வயசென்றால் வாளியும் கையுறையும், கதவின் கீழ்ப்பாதியைத் தவிர. அங்கேதான் மண் கூட. எட்டு, ஒன்பது வயசென்றால் மெழுகு துடைக்கலாம், மங்கல் போய் மினுங்குவது உடனே தெரிவதால் அலுக்காது. மெழுகு பூசுவதைப் பெரியவர்கள் செய்யுங்கோ. கரைப்பான் இருக்கு, காற்றோட்டமான இடம் வேணும், ரின்னை எட்டாத உயரத்தில் வைக்க வேணும். ஒரு மணித்தியாலம் இரண்டு பேரின் கையும் ஒரே வேலையில் இருக்கும்போது, கேள்வி கேட்காமலே கதை வரும். தமிழிலும் வரும். "பொனற்றைத் துடை", "அந்தப் பக்கம் இன்னும் மங்கலாக் கிடக்கு", "வாளியை அரக்கு" என்பதெல்லாம் புத்தகத்தில் படிக்கிற தமிழ் இல்லைத்தானே.

கடைசியாக அந்த இரண்டாவது கேள்வி, அப்பாவை எப்படி மறிக்கிறது? மறிக்கத் தேவையில்லை. ரீ-கட் போத்தலை வாங்கி வைத்துவிட்டு, கையில் பேஸ்ற் ரின்னைக் கொடுங்கோ. வட்டமாகத் தேய்த்து, மங்கும்வரை பொறுத்து, ஓரம் ஓரமாகத் துடைத்து எடுக்கிற பொறுமை அவருக்கு இருக்கு, எங்களுக்குத்தான் இல்லை. அந்தக் கைப்பழக்கம் முழுக்க அப்படியே பாவிக்கப்படும், பெயின்ற்றில் ஒரு மைக்ரோனும் போகாது. இடைப்பட்ட மாதங்களுக்குப் போத்தல் உங்களுக்கு.